கருவேல முள்ளில் ஓடிய கல்யாணப் பாட்டு

“…இந்தப் பொட்டியாவது அளுது முடிக்கட்டும். கை வைக்காத தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும்.”

இப்படிச் சொன்ன அம்மாள் என் அக்காவுக்கு மாமியார் ஆக வேண்டியவர். ஆக வேண்டியவர் என்றுதான் சொல்ல முடியும். சொன்ன அந்த நேரத்தில் ஆகவில்லை; ஆவாரா என்பது பந்தலில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. தாலி தட்டில் கிடந்தது. மாப்பிள்ளை மணையில் பாதி எழுந்தும் பாதி உட்கார்ந்தும் இருந்தார். (முழங்காலுக்கு அது எவ்வளவு கெடுதல் என்று இன்றுவரை எனக்கு எடுத்துச் சொல்லி வருகிறார்.) அழுதுகொண்டிருந்த பெட்டி, அதாவது குழாய் வைத்த கிராமபோன், என் பொறுப்பில் இருந்தது. அதை அழ வைத்தவனும் நான்தான்.

பாட்டுக்கு அர்த்தம் பார்த்துக் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் அடி காதில் விழும், மெட்டு பிடித்துவிடும், மிச்சத்தை நாமே இட்டுக்கட்டிக்கொள்வோம். எங்கள் தெரு பஜனையில் மார்கழி பூராவும் ஒரு பாட்டைக் கண்ணில் நீர் வரப் பாடினோம், ‘உன் வாசல் விட்டால் எனக்கேது வாசல்’ என்று. நாடகத்தில் அது குதிரைப் பந்தயத்தில் தோற்ற ஒருவன் வட்டிக் கடன் கொடுத்த ஈட்டிக்காரனைப் பார்த்துக் கெஞ்சுகிற பாட்டு என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? பெருமாளும் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் நிறுத்தவில்லை.

சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் மெட்ராசில் குண்டு போடப் போகிறான் என்று பயந்து, பெட்டி படுக்கையோடு எங்கள் செஞ்சிக்கு வந்து குந்தியிருந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. அப்படி ஒரு காலத்தில், எந்த வரிசையிலும் நிற்காமல் ஊருக்கெல்லாம் கிடைத்த ஒரே இனிப்பு, ‘மஞ்சள் அரைச்சாச்சு’ பாட்டு.

மஞ்சள் அரைச்சாச்சு மகளே எழுந்திரடி,
மல்லி தொடுத்தாச்சு மடியை விட்டு எழுந்திரடி,
வாசல் நிறைஞ்சாச்சு வாய்திறந்து பேசிடடி...

எந்தக் கம்பெனி நாடகப் பாட்டு என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்த நாடகம் எங்கள் பக்கம் வந்ததே இல்லை, இசைத்தட்டு மட்டும் வந்தது. பாடின அம்மாள் யாரோ, நல்ல கனத்த குரல். ஒவ்வொரு ‘எழுந்திரடி’யிலும் அந்தக் குரல் கொஞ்சம் கம்மும். அதற்கு எங்களிடம் விளக்கம் இருந்தது: பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய் அழாமல் என்ன செய்வாள்? திண்டிவனத்திலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் எந்தக் கல்யாணமானாலும் பெண்ணைப் பந்தலுக்கு அழைத்து வரும்போது இந்தத் தட்டுதான் சுழலும். காலையில் எழுந்திருக்க மக்கர் பண்ணுகிற பெண்களை, “இன்னாடி, உனக்கு மஞ்சள் அரைக்கணுமா?” என்று கேலி செய்வார்கள். அவ்வளவு சொந்தமாகிவிட்ட பாட்டு.

தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பக்கத்தை ஒருத்தரும் கேட்டதில்லை. காரணம், முள்.

கிராமபோனில் பாட்டு வருவது முள்ளால். ஒரு பக்கம் ஓடினால் ஒரு முள் தேய்ந்துபோகும். இன்னொரு பக்கத்துக்கு இன்னொரு முள் மாட்ட வேண்டும். சண்டை வந்ததும் முள் வரத்து நின்றுபோனது. செஞ்சியில் கிராமபோன் வாடகைக்குக் கொடுத்தவர் சைக்கிள் கடை பாய். முள் டப்பாவை இடுப்பு பெல்ட்டில் பத்திரமாக வைத்திருப்பார். கல்யாணத்துக்குப் பெட்டி எடுக்கப் போனால் முள்ளை எண்ணித் தருவார். தரும்போது மூஞ்சி பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய் மாதிரி ஆகிவிடும்.

“ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். மறுபக்கம் போட்டே, என் வயித்துல குத்தின மாதிரி,” என்பார்.

ஆகவே ஊரே மறுபக்கத்தை விட்டுவைத்தது. தட்டின் நடுக் காகிதத்தில் ‘இரண்டாம் பாகம்’ என்று போட்டிருக்கும். அந்தப் பாகத்தில் என்ன இருக்கும் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பெண் புருஷன் வீட்டில் சமைக்கத் தெரியாமல் முழிப்பாள் என்று ஒருத்தர். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வருவாள் என்று நான். (என் கற்பனை எப்போதும் இரண்டு அடி முன்னால் போகும், என் படிப்பு மூன்று வகுப்பு பின்னால் நிற்கும்.)

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தனபாக்கியம். தனம் என்று கூப்பிடுவோம். பெயரில் இருந்த இரண்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முதலில் பேசி முடித்த மாப்பிள்ளை, ரங்கூனில் மரக்கடையில் கணக்கு எழுதினவர். சண்டை வந்ததும் நடந்தே ஊர் திரும்புகிறோம் என்று கிளம்பின கூட்டத்தில் அவரும் இருந்தார் என்றார்கள். கூட்டத்தில் கொஞ்சம் பேர் வந்து சேர்ந்தார்கள், அவர் வரவில்லை. இரண்டாவதாகப் பேசின இடம், பூ வைத்துவிட்டுப் போன பிறகு, “ரங்கூன் ஆளுக்கு இன்னா ஆச்சின்னு தெரிஞ்சிதா?” என்று கேட்டு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு இடத்தில் முடித்துக்கொண்டது. அன்றைக்கு அக்கா தலையில் வைத்த பூவைத் தானே எடுத்து மாட்டுக்குப் போட்டாள். அதற்குப் பிறகு தெருவில் அவளுக்கு ராசி இல்லாத பெண் என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. “ராசி இல்லாதவ கையால மோர் குடிச்சா செமிக்காது, சொம்ப வெச்சிட்டுப் போ” என்று அப்படிச் சொன்ன ஒரு கிழவரை வெயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஆனால் வயசு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் இருபத்து நாலு என்பது எங்கள் நைனா வாய்விட்டுச் சொல்லாத எண்.

மூன்றாவதாக வந்தது அவலூர்பேட்டை இடம். சந்தைக்குப் பக்கத்தில் தானியம் வாங்கி விற்கிற தவசக் கடை. நைனாவின் மல்லாட்டை மூட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை, அந்தக் கடை வழியாகத்தான் போகும். அதில் வந்த பழக்கம். மாப்பிள்ளை அமைதி. அவர் அப்பா அதைவிட அமைதி. இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் மாடு அசை போடுவது மாதிரி இருக்கும். வீட்டில் பேச்சு என்று இருந்தது மாமியாருக்குத்தான். அலமேலம்மாள். ஆனால் அவரும் பேசுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை இருந்தாள், கல்யாண வயசில். ஊரில் வாந்திபேதி வந்தபோது காலையில் கோலம் போட்டவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: “சம்பந்தி அம்மா முன்னாடி பொண்ணுப் பேச்சு ஒருத்தரும் எடுக்கக் கூடாது. வாந்தின்னு ஒரு சொல்லு வரக் கூடாது. டேய் சாமிக்கண்ணு, எல்லாருக்கும் பொதுவா சொல்றேன், உனக்குத் தனியா சொல்றேன்.”

“நான் இன்னாம்மா பேசப் போறேன்?”

“அதான் யாருக்குமே தெரியறதில்லியே,” என்றாள் அக்கா.

அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். அந்தச் சத்தியத்தை நான் மீறவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை; கிராமபோன்தான் திறந்தது.

முள் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. எனக்கு உதிக்கிற யோசனைகளின் சரித்திரம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே தலையில் தட்டி உட்கார வைத்திருப்பார்கள். கோட்டை அகழி ஓரம் ஆடு மேய்க்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது காலில் ஒரு கருவேல முள் ஏறியது. வெள்ளையாக, விரல் நீளம், செருப்பைத் தாண்டி உள்ளே போயிருந்தது. பிடுங்கி எடுத்துப் பார்த்தேன். நுனி மழுங்கக்கூட இல்லை. இரும்பு முள் தோற்கும்.

அப்புறம் என்ன? ஒரு மடி நிறைய முள் பறித்து வந்து, தலையை வெட்டி, பேனாக்கத்தியால் சீவி, பாயின் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். பாடியது. சத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் என்ன தெளிவு. இரும்பு முள்ளில் பாதிச் சொல் கரகரப்பில் போய்விடும். கருவேல முள்ளில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

பாய் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பெல்ட்டைத் தடவிக்கொண்டார். “தம்பி, நீ உருப்படவே மாட்டேன்னு நெனச்சேன். இதோட நிறுத்திக்கினா உருப்பட்டுடுவே,” என்றார். பிறகு, “பிரேக் போயிடிச்சி, பாட்டை நிறுத்தணும்னா முள் மாட்டின கையைத் தூக்கிடு. மறந்துடாத,” என்றார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முள் பஞ்சம் தீர்ந்தது என்றால் மறுபக்கத்துக்குத் தடை ஏது? செஞ்சி தாலுகாவில் ஒருவரும் கேட்டிராத இரண்டாம் பாகம், என் அக்காவின் கல்யாணத்தில், முதன்முதலாக. முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு எண்ணம் வரத்தான் செய்தது. பார்த்துவிட்டால் எனக்கே ருசி போய்விடும் என்று விட்டுவிட்டேன். பாயசத்தைக்கூட அடுப்படியில் ருசி பார்க்காமல் பந்தியில் வைக்க மாட்டார்கள். எனக்கு அந்த அளவுக்குச் சமையல் தெரியாது.

கல்யாணத்தன்று காலையில் முதல் பக்கம் அமோகமாக நடந்தது. ‘மகளே எழுந்திரடி’ என்று பெட்டி பாட, அக்கா கூறைப் புடவையில் வெளியே வந்தாள். அவள் தலைகுனிந்து நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சம்பந்தி அம்மாள் எழுந்து வந்து, அக்காவின் ஜடையில் நழுவின பூச்சரத்தைச் சரி செய்து, கன்னத்தில் இருந்த சந்தனத்தைப் பெருவிரலால் துடைத்துவிட்டார். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அந்த இடத்தில் நான் பெட்டியை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஐயர், “முகூர்த்தத்துக்கு இன்னும் நாழி இருக்கு, அவசரப்பட வேண்டாம்” என்றார். மேளக்காரர்கள் இதுதான் சமயம் என்று கொல்லைப்பக்கம் நீராகாரம் குடிக்கப் போனார்கள். பந்தலில் ஒரு சும்மா நேரம் விழுந்தது. சும்மா நேரம் விழுந்தால் எனக்குக் கை அரிக்கும். தட்டைத் திருப்பினேன். சாவி கொடுத்தேன். புது முள் மாட்டினேன். எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

“பெரியவங்களே, இந்தப் பாட்டோட மறுபக்கம் இந்தப் பக்கத்துல எந்தக் கல்யாணத்துலயும் போட்டதில்ல. இன்னிக்கி மொதல் மொதலா கேக்கப் போறீங்க. சத்தம் மெதுவா வரும், கொஞ்சம் பேச்சை நிறுத்திட்டு கேளுங்க.”

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் நான் சொன்னதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பாட்டு தொடங்கியது. அதே மெட்டு, அதே குரல். முதல் அடியில் நான் தொடையில் தாளம் போட்டேன்.

எத்தனை முறை எழுப்பி எழுந்திருக்க மாட்டாயோ,
வைத்தியர் போனபின்னும் விழிதிறக்க மாட்டாயோ...

வைத்தியர் எதற்கு வருகிறார் என்று யோசித்தேன். தலைப் பிரசவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளத்தைத் தொடர்ந்தேன். நாலைந்து பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். ஆகா, முள் வேலை செய்கிறது என்று நினைத்தேன். இதை எழுதுகிற இப்போதும் என் காது சூடாகிறது: ஊரே உறைந்து உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தேன்.

மணமாலை சூட்டியொரு மணவாளன் வரவில்லை,
மண்ணாளன் வருகின்றான் மகளே நான் என்செய்வேன்...

தாளம் போட்ட கை நின்றது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் போய்விட்டால், அவளை மணப்பெண்ணாகவே அலங்கரித்துத்தான் அனுப்புவார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, புதுப் புடவை கட்டி. அது பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை நாளாக நாங்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் ‘எழுந்திரடி, எழுந்திரடி’ என்று போட்டது எழுந்திருக்க முடியாத ஒருத்தியை. மஞ்சள் எதற்கு அரைத்தாள், மல்லி எதற்குத் தொடுத்தாள், வாசல் ஏன் நிறைந்தது, குரல் ஏன் கம்மியது, எல்லாம் ஒரே அடியில் விளங்கிவிட்டது. எத்தனை பெண்களை இந்தப் பாட்டோடு மணையில் உட்கார வைத்தோம் என்று ஆளாளுக்கு மனசுக்குள் நினைத்துப் பார்த்திருப்பார்கள். அவரவர் கல்யாணத்தையும் சேர்த்து.

முதலில் எழுந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. தலைப்பாகை கட்டின பெரிய உடம்பு.

“எளுந்திருடா. ஒப்பாரி விளுந்த பந்தல்ல இன்னாத்த தாலி கட்டறது. எடமே தீட்டாப் போச்சி. வண்டியப் பூட்டச் சொல்லு.”

மாப்பிள்ளை எழுந்தார். பாதியில் நின்றார்.

நைனா கையைக் கூப்பிக்கொண்டு அவர் முன்னால் போனார். “அண்ணே, பையன் தெரியாம போட்டுட்டான். யாருக்குமே தெரியாதுண்ணே. அவன் ஒரு...” என்றவர் நான் என்ன என்று சொல்வதற்கு ஒரு சொல் தேடினார், கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை.

“தெரியாமத்தான் எல்லாம் நடக்குது. மொதல் ஆளு தெரியாம போனான், ரெண்டாவது ஆளு தெரிஞ்சி போனான். ராசி இல்லாத பொண்ணுன்னு அன்னிக்கே சொன்னேன். எவன் கேட்டான்?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்திருந்தால் தேவலை. என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கை மெதுவாகத் தலைக்குப் போய், சரத்தின் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே, பழக்கப்பட்ட கை.

நான் பெட்டிமேல் பாய்ந்தேன். பிரேக்கைத் தள்ளினேன். (பாய் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை. எனக்கு எது எப்போது நினைவுக்கு வரும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது.) தட்டு தன்பாட்டுக்குச் சுற்றியது. பெட்டி தன்பாட்டுக்கு அழுதது. முள் இருக்கிற கையைத் தூக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் சம்பந்தி அம்மாள் பேசினார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. குரல் ஏறவும் இல்லை.

“சித்த குந்துங்க மாமா. வண்டி எங்கியும் போயிடாது,” என்றார் பெரியப்பாவைப் பார்த்து. “என் பொண்ணு போன அன்னிக்கி ஊர்ல ஒரு கதவு தொறக்கல. நீங்களும் தொறக்கல. குத்தம் சொல்லல, உங்களுக்கும் புள்ளைங்க இருந்திச்சி. சுகாதாரத்து ஆளுங்க பாய்ல சுத்தித் தூக்கினாங்க. மஞ்சளு இல்ல, பூவு இல்ல. மேல சுண்ணாம்பத்தான் கொட்டினாங்க. கிட்ட வராதன்னு என்னியப் புடிச்சி வெச்சிருந்தாங்க. கூட குந்தி அளுவ ஒரு பொம்பள வரல. எனக்கும் பாட வரல. வாய் அடைச்சிப் போச்சி. இந்தப் பொட்டியாவது அளுது முடிக்கட்டும். கை வைக்காத தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும்.”

நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். பெரியப்பா குந்தினார்.

பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த நேரத்தில் பந்தலில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆகவே, பிற்பாடு நடந்த சிலதை இதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கருவேல முள்ளால் தட்டு கெட்டுப்போனதாகப் பாய் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கெடவில்லை. மறுபக்கம் என்ன என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை யாரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள் என்று பயந்தார். அடுத்த முகூர்த்தத்துக்கே இரண்டு வீட்டில் கேட்டார்கள். “அது முன்பக்கம்தானே பாய்? முன்பக்கத்துல ஒருத்தரும் சாவலியே,” என்றாராம் ஒருவர். மெட்டு அவ்வளவு நல்ல மெட்டு. எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தது மாதிரி, தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அது இன்னும் நெடுநாள் ஓடியது. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், இரும்பு முள் தாராளமாக வந்த பிறகும்கூட மறுபக்கத்தை யாரும் திருப்பவில்லை.

என்னைப் பொறுத்தவரை, அதற்குப் பிறகு எந்தப் பாட்டானாலும் முழுக்கக் கேட்காமல் வாய் திறப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்தேன். பேச்சு விஷயத்தில் அப்படி ஒரு வைராக்கியம் வைத்திருக்கலாம் என்று எல்லோரும் அபிப்பிராயப்படுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு கதையைத் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனால், ஒரு ரகசியத்தை உடைக்கப் போனால், பேச வேண்டாத இடத்தில் பேச ஆரம்பித்தால், மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: “முள்ளை எட்றா.” பேரப்பிள்ளைகளுக்கு எந்த முள், எதிலிருந்து எடுப்பது என்று தெரியாது. ஆனால் சரியான இடத்தில் சொல்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டியபோதே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

பெட்டியில் சாவி தீர்ந்துகொண்டு வந்தது. குரல் கனத்து, இழுபட்டு, கடைசி அடியில் அது பெண் குரலா ஆண் குரலா என்று தெரியாமல் தரைக்கு இறங்கியது. பிறகு பாட்டு இல்லை. முள் தட்டின் நடுவில் சர்ரு சர்ரு என்று உரசுகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது. கொல்லையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்த மேளக்காரர்கள், இவ்வளவு பேர் இருக்கிற பந்தலில் இவ்வளவு அமைதியைப் பார்த்து, வந்த வழியே திரும்பலாமா என்று நின்றார்கள். ஐயர் நிழலைப் பார்த்தார். நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல அவருக்கும் தைரியம் இல்லை. அக்காவின் விரல் பூச்சர முடிச்சின்மேல் இருந்தது. பெரியப்பா மறுபடியும் எழுந்திருக்கத் துண்டை உதறினார்.

சம்பந்தி அம்மாள் எழுந்தார். மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டார். பெட்டியின் பக்கம் வரவில்லை, அக்காவின் பக்கமும் போகவில்லை. நேராகப் பந்தலின் வாசலுக்கு நடந்தார். அவ்வளவுதான், வண்டிக்குப் போகிறார் என்று நினைத்து நைனா தூணைப் பிடித்துக்கொண்டார். பந்தக்கால் ஓரத்தில், வருகிறவர்கள் கால் கழுவ ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தோம். அம்மாள் வளையலை முழங்கைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, கொண்டையில் பூவோடும், நாங்கள் எடுத்துக்கொடுத்த சம்பந்திப் பட்டுப் புடவையோடும், ஒரே மூச்சில் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

பெரியப்பாவின் வேட்டியில் தெறித்தது. அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

“தலை முளுவியாச்சி,” என்றார் அம்மாள், பொதுவாக எல்லோருக்கும். பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, “இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க, கொட்டுங்க,” என்றார். சொட்டச் சொட்ட மணைக்கு வந்து, அக்காவின் தலையிலிருந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, தட்டிலிருந்த தாலியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.